செப்டிக் டேங்க் மேலே சிமென்ட்டா, புல்லா?

உங்கள் வீட்டு செப்டிக் டேங்க் எந்த இடத்தில் இருக்கிறது? கேட்டவுடன் கையை நீட்டிக் காட்ட முடிகிறதா உங்களால்?

முடிந்தால், நீங்கள் கொஞ்சம் அபூர்வமான ஆள்தான். பல வீடுகளில், "அது... கார் நிக்குதே, அதுக்குக் கீழேன்னு நினைக்கிறேன். கட்டின மேஸ்திரியைத்தான் கேக்கணும்" என்றுதான் பதில் வருகிறது. பூஜை அறை எந்த மூலை, அடுப்பு எந்தத் திசை என்று வாஸ்து பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடாக இருக்கும். ஆனால் செப்டிக் டேங்க் மட்டும் கண்ணில் படக் கூடாது. பேச்சிலும் வரக் கூடாது. மேலே சிமென்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, மூடியையும் சேர்த்து மறைத்து, கோலம் போட ஓர் இடமாக மாற்றி விடுகிறோம்.

என் கட்சி இதற்கு நேர் எதிர். அந்த இடத்தில் சிமென்ட் வேண்டாம், டைல்ஸ் வேண்டாம், பேவர் கல்லும் வேண்டாம். மண்ணாக விடுங்கள். அதன்மேல் புல் வளருங்கள். அழகுக்காகத்தான் சொல்கிறேன் என்று நினைத்து விடாதீர்கள். நீங்கள் குடிக்கிற கிணற்றுத் தண்ணீர், உங்கள் வீட்டுக் குழந்தையின் வயிறு, என்றைக்காவது அந்த மூடியைத் திறக்க வரப் போகிற ஒரு மனிதரின் உயிர் - மூன்றும் இதில் இருக்கிறது.

தொட்டி பாதி, மண் மீதி!

கழிவறையில் தண்ணீர் ஊற்றியதும் என்ன நடக்கிறது? எல்லாம் தொட்டிக்குப் போகிறது. கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெய்ப் பசையும் லேசான பொருள்களும் மேலே ஆடையாக மிதக்கின்றன. நடுவில் கலங்கிய தண்ணீர். காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தக் கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்கின்றன. நடுவில் நிற்கும் தண்ணீர் சுமார் ஒருநாள் தங்கிவிட்டு அடுத்த பக்கக் குழாய் வழியே வெளியேறுகிறது.

இங்கேதான் நம்மில் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை. "டேங்க்ல தங்கித்தானே வருது, அது சுத்தமான தண்ணி" என்கிறார்கள். இல்லவே இல்லை! கெட்டியான பொருள் குறைந்திருக்கிறதே தவிர, நோய்க்கிருமிகள் ஏராளமாக அதில் இருக்கும். டைபாய்டு, காலரா, மஞ்சள்காமாலை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் ஏ, ஹெபடைட்டிஸ் ஈ வைரஸ்கள், குடல் புழுவின் முட்டைகள்... வீட்டில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் அது அத்தனையும் அந்தத் தண்ணீரில் பயணம் செய்யும்.

அதைச் சுத்தப்படுத்தும் வேலை மண்ணுடையது. மேஸ்திரி 'சோக் பிட்' என்று சொல்கிறாரே, அந்த உறிஞ்சு குழியிலிருந்து தண்ணீர் சுற்றியுள்ள மண்ணுக்குள் மெல்லக் கசிகிறது. மண் துகள்கள் கிருமிகளைப் பிடித்து நிறுத்துகின்றன. காற்றோட்டமுள்ள மண்ணில் வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. இதற்கு மண் காய்ந்தும், பொலபொலவென்றும், மூச்சு விடுகிற நிலையிலும் இருக்க வேண்டும். அதன்மேல் நாம் நாலு அங்குலம் கான்கிரீட் போட்டு, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரையும் தினம் ஏற்றி இறக்கினால்? மண் இறுகிப் போகும். காற்று போகாது. ஈரம் மேலே ஆவியாகவும் வழியில்லை. குழாய் உடைந்தாலும் வெளியே தெரியாது.

புல் இருந்தால் கதை வேறு. அதன் சல்லி வேர்கள் மண்ணை இளக்கி வைக்கும். ஈரத்தில் ஒரு பகுதியை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக்கும். கழிவில் உள்ள நைட்ரஜனிலும் கொஞ்சம் உணவாக எடுத்துக்கொள்ளும். மழையில் மேல்மண் கரைந்து ஓடாமல் பிடித்து வைக்கும். மிகைப்படுத்த விரும்பவில்லை: நம் ஊர் உறிஞ்சு குழி ஆழமானது, தண்ணீரில் பெரும்பகுதி கீழேதான் இறங்கும். புல் எல்லாவற்றையும் குடித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் மேலே இருக்கிற மண்ணைக் கெடாமல் வைத்திருக்க அதைவிட மலிவான காவல்காரன் கிடையாது.

நைட்ரேட் என்று சொன்னால் பலர் அக்கறை காட்டுவதில்லை. கைக்குழந்தை இருக்கும் வீடு கட்டாயம் காட்ட வேண்டும். கழிவுநீர் கலந்த கிணற்றில் நைட்ரேட் ஏறும். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தரநிர்ணயம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். "நாங்க கொதிக்க வெச்சுத்தான் குடுக்கறோம்" என்பீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே கிணறோ போரோ வைத்திருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து ஈ.கோலை கிருமி, நைட்ரேட் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

அறுபது அடிக்கு எங்கே போவது?

கிணறு போன்ற குடிநீர் ஆதாரத்துக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி இருக்க வேண்டும் என்கிறது செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரநிர்ணய விதி. குடியிருக்கும் வீட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

உடனே நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. "சார், எங்க மனையே அரை கிரவுண்டு. முப்பதுக்கு நாற்பது. மூலைக்கு மூலை அளந்தாலே அம்பது அடிதான். அறுபது அடிக்குப் பக்கத்து வீட்டுக்கா போறது?"

நியாயமான கேள்வி. இதற்கு இனிப்பான பதில் என்னிடம் இல்லை. அரை கிரவுண்டில் போர் போட்டு, அதே அரை கிரவுண்டில் உறிஞ்சு குழியும் வெட்டினால் அந்தப் போர்த் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதீர்கள் என்றுதான் சொல்வேன். துணி துவைக்க, கழுவித் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கக் குழாய்த் தண்ணீரைச் சுத்தப்படுத்திக் குடியுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: உங்கள் கிணற்றிலிருந்து உங்கள் குழி எவ்வளவு தூரம் என்று அளந்தால் மட்டும் போதாது. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர் போர் போட்டிருப்பார். நிலத்தடி நீருக்குச் சுவர் தெரியாதே! வீடு கட்டும்போதே இரண்டு வீட்டாரும் பேசி, கிணறுகள் ஒரு பக்கமும் குழிகள் மறுபக்கமுமாக வைத்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது. சீட்டு கட்டுவதைப் பற்றி, பிள்ளைகள் படிப்பைப் பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறோம், இதைப் பேசக் கூச்சம் என்ன?

கடலோர மணல் பகுதிகளிலும் நீர்மட்டம் மேலாக உள்ள இடங்களிலும் சங்கடம் இன்னும் அதிகம். அடைமழை நாளில் நிலத்தடி நீர் மேலே ஏறி உறிஞ்சு குழியையே மூழ்கடித்துவிடும். அப்போது குழியும் கிணறும் ஒரே தண்ணீர்! மண் வடிகட்டுவதற்கு நடுவில் காய்ந்த மண்ணே இருக்காது. அந்த நாட்களில் புல்லாலும் உதவ முடியாது. குளோரின் போடாமல், காய்ச்சாமல் ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம்.

மழைநீர் சேகரிப்பைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 2003-ல் தமிழக அரசு அதை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. மிக நல்ல காரியம். ஆனால் சிலர் செய்த வேலை என்ன தெரியுமா? இடமில்லை என்று மொட்டை மாடிக் குழாயைக் கொண்டுபோய் உறிஞ்சு குழிக்குப் பக்கத்திலேயே ஒரு குழி வெட்டி விட்டுவிட்டார்கள். வானத்திலிருந்து வந்த நல்ல தண்ணீர், கழிவைத் தள்ளிக்கொண்டு நேராகக் கிணற்றுக்குப் போக நாமே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி! இரண்டையும் எவ்வளவு விலக்க முடியுமோ அவ்வளவு விலக்குங்கள்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. அடித்தளமே இல்லாமல் சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, "செப்டிக் டேங்க் போட்டாச்சு" என்று சொல்லிவிடுவது. அது செப்டிக் டேங்க் இல்லை. கழிவை நேராக மண்ணுக்குள் விடும் உறைகிணறு. "பத்து வருஷமா எங்க டேங்க் நிரம்பவே இல்லை" என்று யாராவது பெருமைப்பட்டால் சந்தேகப்படுங்கள். ஒழுகாத தொட்டியில் கசடு சேர்ந்தே தீரும். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை எடுத்தே ஆக வேண்டும்.

எந்தப் புல்? எது கூடாது?

அருகம்புல் போதும். வெயில் தாங்கும், படர்ந்து மண்ணை மூடும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மெத்தென்று அழகாக வேண்டுமென்றால் நர்சரியில் கிடைக்கும் கொரியன் புல். ஆனால் அதற்குத் தண்ணீரும் கவனிப்பும் அதிகம் வேண்டும். ஏற்கெனவே ஈரம் இறங்கும் இடத்தில் ஹோஸ் பைப்பை வைத்து மேலும் ஊற்றுவது உறிஞ்சு குழிக்கு வீண் சுமை. அதனால் என் ஓட்டு அருகம்புல்லுக்குத்தான். உரமும் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. அருகம்புல் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் ஜூஸ் ஞாபகத்தோடு வருவார்கள். இந்தப் புல்லைப் பறித்து அரைத்துக் குடிக்கவே கூடாது! பிள்ளையாருக்கு மாலை கட்டவும் வேறு இடத்துப் புல்லைப் பறித்துக்கொள்ளுங்கள். கொத்தமல்லி, புதினா, கீரை, முள்ளங்கி என்று தரையை ஒட்டியும் தரைக்குள்ளும் விளைகிற எதையும் அங்கே போட வேண்டாம். "சத்தான மண்ணாச்சே, கீரை தளதளன்னு வருமே" என்பது உண்மைதான். தளதளவென்று வரும் கீரையோடு புழு முட்டையும் வரலாம்.

மரம் கூடவே கூடாது. ஈரத்தைத் தேடி வேர்கள் வரும். குழாய் இணைப்பில் மயிரிழை போன்ற இடுக்கு இருந்தாலும் உள்ளே நுழைந்து, பருத்து, அடைத்துவிடும். தொட்டிச் சுவரையே விரிசல் விட வைக்கும். வேம்பு, மா, தென்னை எதுவானாலும் குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். அரசு, பூவரசு, தூங்குமூஞ்சி போன்றவை சின்ன மனைக்கே வேண்டாம். வாழை? குளியலறைத் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் போகிற இடத்தில் வாழை வைப்பது நம் பாட்டிமார் வழக்கம், அருமையான வழக்கம். அந்தத் தண்ணீரைத் தனியாக வாழைக்குத் திருப்பினால் செப்டிக் டேங்குக்கும் பாரம் குறையும். ஆனால் உறிஞ்சு குழியின் தலையிலேயே வாழைக் கன்றை ஊன்றி, குழி தோண்டிக் கிளறிக்கொண்டிருக்க வேண்டாம்.

தொட்டியின் மேல் மண் அரை அடி போதும். ஒரு கன அடி ஈர மண் ஏறக்குறைய 50 கிலோ எடை. மேடு கட்டித் தோட்டம் போடுகிறேன் என்று இரண்டு அடி மண்ணைக் கொட்டினால், பழைய தொட்டியின் மேல்தளம் தாங்காது. பழைய வீடாக இருந்தால் முதலில் அந்தத் தளம் கம்பி துருப்பிடித்து உதிர்கிறதா என்று ஒரு பொறியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகள் ஓடி விளையாடும் இடம் அது.

மூடியை மறைக்காதீர்கள்

புல்லைப் பற்றி இவ்வளவு சொன்னேன், இப்போது புல் போடக் கூடாத ஓர் இடம். அது மூடி! மூடியின் விளிம்பைத் தரையிலிருந்து நாலு அங்குலமாவது உயர்த்திக் கட்டுங்கள், மழைத் தண்ணீர் உள்ளே போகாது. சுற்றிலும் புல் இருக்கட்டும், மூடி மட்டும் கண்ணுக்குத் தெரியட்டும். குழந்தைகள் திறக்க முடியாதபடி கனமாகவும் பூட்டோடும் இருக்கட்டும். இடுக்கு இருந்தால் கொசு உள்ளே போகும். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவுக்கு இந்த மாதிரி அழுக்குத் தண்ணீர்தான் பிறந்த வீடு.

காற்றுக் குழாயை வீட்டு உச்சியைவிட 2 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய், வாயில் கொசுவலை கட்டுங்கள். "பார்க்க நல்லாயில்லை" என்று அதைப் பாதியில் வெட்டி, மூடி போட்டு அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே உற்பத்தியாகும் மீத்தேன் எரியக் கூடியது. ஹைட்ரஜன் சல்பைடு உயிரையே குடிக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான். அதன் அளவு அதிகமானால் மூக்கு உணர்விழந்துவிடும். நாற்றமே தெரியாது! "வாடை இல்லை, இறங்கலாம்" என்று இறங்கியவர்கள் மயங்கி விழுவதும், அவர்களைத் தூக்கப் போனவர்கள் அடுத்தடுத்து விழுவதும் இப்படித்தான். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தித்தாளில் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறோம். அவர்கள் ஏதோ ஒரு வீட்டின், நம்முடையதைப் போன்ற ஒரு வீட்டின் தொட்டியில்தான் இறந்தார்கள்.

செப்டிக் டேங்க் சுத்தம் செய்யப் பாதுகாப்பின்றி ஒருவரை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் நிர்ணயித்த இழப்பீடு, 2023 அக்டோபரில் முப்பது லட்சமாக உயர்த்தப்பட்டது. சட்டத்துக்குப் பயந்துதான் செய்ய வேண்டுமா என்ன? "அவங்களே இறங்கறேன்னாங்க, ஐந்நூறு ரூபா சேத்துக் கேட்டாங்க" என்ற சமாதானத்தை நான் ஏற்க மாட்டேன். மூடியை டைல்ஸுக்கு அடியில் புதைத்து, எடுக்காமல் பத்து வருஷம் விட்டு, கசடு கல்லாக இறுகி, லாரிக் குழாய் இழுக்க மறுக்கும்போதுதான் "உள்ளே இறங்கிக் கிளறணும்" என்ற பேச்சே வருகிறது. மூடி தெரிந்து, மூன்று வருடத்துக்குள் லாரி வந்து உறிஞ்சி எடுத்தால் யாரும் எட்டிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை.

லாரியைக் கூப்பிடும்போது உரிமம் உள்ள வண்டியா என்று கேளுங்கள். 14420 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். எடுத்த கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். ஏரியிலும் ஓடையிலும் ராத்திரியில் திறந்துவிட்டால் நம் வீட்டுக் கிணற்றைக் காப்பாற்றி ஊர்க் குளத்தைக் கெடுத்தவர்கள் ஆவோம். மூடி திறந்திருக்கும்போது பக்கத்தில் பீடி, தீக்குச்சி, குழந்தைகள் மூன்றும் கூடாது.

நடுவே தொட்டிக்கு மாதாமாதம் ஏதோ பவுடர் போடச் சொல்லி விற்பவர்கள் வருவார்கள். தேவையில்லை. செரிக்கும் பாக்டீரியா நம் கழிவிலேயே இருக்கிறது. அதைக் கொல்லாமல் இருந்தால் போதும். பாட்டில் பாட்டிலாக ஆசிட்டும் பினாயிலும் ஊற்றுவதைக் குறையுங்கள். நாப்கின், டயாபர், பொரித்த எண்ணெய் ஆகியவற்றை உள்ளே தள்ளாதீர்கள்.

புல் பேசும், கேளுங்கள்

புல் வளர்த்தவருக்கு ஓர் உபரி லாபம் உண்டு. நிலத்துக்கடியில் நடப்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். சித்திரை வெயிலில் ஒரு சதுரம் மட்டும் முதலில் காய்ந்தால் கவலைப்பட வேண்டாம், அங்கேதான் தொட்டித் தளம் இருக்கிறது, மண் குறைவு. மழையே இல்லாத நாளில் ஓர் இடம் மட்டும் கரும்பச்சையாகக் கொழித்து, காலை வைத்தால் 'சதக்'கென்று அமிழ்ந்து, லேசாக வாடையும் வந்தால் உறிஞ்சு குழி திணறுகிறது என்று அர்த்தம். கழிவறையில் தண்ணீர் மெல்ல இறங்கும், 'குளுக் குளுக்' சத்தம் வரும். உடனே ஆளைக் கூப்பிடுங்கள். அது சரியாகும் வரை குழந்தைகளை அந்தப் பக்கம் செருப்பில்லாமல் விடாதீர்கள். சிமென்ட் தரையாக இருந்தால் இதெல்லாம் கிணறு கெட்ட பிறகுதான் தெரிய வரும்.

ஏற்கெனவே டைல்ஸ் போட்டாயிற்றே என்கிறவர்கள் முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை. முதலில் மூடியைத் தோண்டி வெளியே கொண்டு வாருங்கள். அடுத்து உறிஞ்சு குழிக்கு மேலே உள்ள தளத்தை மட்டும் எடுங்கள். காரை வேறு பக்கம் நிறுத்துங்கள், வழியில்லையென்றால் சக்கரம் குழியின் மேல் ஏறாதபடி இரண்டு கல்லாவது வையுங்கள். ஆடி, ஆவணியில் மண்ணைப் பரப்பி அருகம்புல் துண்டுகளைச் சாணுக்கு ஒன்றாக ஊன்றினால், ஐப்பசி மழைக்குள் பிடித்துக்கொள்ளும்.

கையோடு ஒரு தாளில் வீட்டுப் படம் வரைந்து, தொட்டி, மூடி, குழி, கிணறு, அடுத்த வீட்டு போர் எல்லாவற்றையும் அடிக்கணக்கோடு குறியுங்கள். கடைசியாகக் கழிவு எடுத்த தேதியையும் ஓரத்தில் எழுதுங்கள். வீட்டுப் பத்திரம் இருக்கும் ஃபைலிலேயே அதையும் வைத்து, அது எங்கே இருக்கிறதென்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வாடகைக்கு விட்டால் குடிவருகிறவருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.